மதினி போட்ட வாய்ப்பூட்டு

மதினி தன் புருஷனோடு ஒரு வார்த்தை பேசாமல் பதினோரு வருஷம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினாள். சோறு பொங்கிப் போடுவாள். துணி துவைத்துப் போடுவாள். காய்ச்சல் என்று அவர் படுத்தால் சுக்குத் தட்டிக் கஷாயம் வைத்துத் தலைமாட்டில் வைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. சொல்லியே ஆக வேண்டிய சங்கதி என்றால் முற்றத்தில் மேய்கிற கோழியைக் கூப்பிடுவாள்.

“ஏ கோழி, வெந்நி கொதிச்சுட்டு. குளிக்கதுன்னா குளிக்கச் சொல்லு.”

அவரும் பழகிவிட்டார். “ஏ கோழி, சட்டையில பித்தான் அந்துட்டு” என்பார். மறுநாள் பித்தான் தைத்திருக்கும். தெருவே சிரிக்கும். சிரிக்காதவள் மதினி ஒருத்திதான்.

அவர் குற்றாலத்தில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். ஒருநாள் ஏதோ கோபத்தில், சுற்றிய பீடியை ஒப்படைக்கிற பீடிக்கடை வாசலுக்கே வந்து, வரிசையில் நின்ற இருபது பெண்களுக்கு முன்னால் அவள் கன்னத்தில் ஒன்று வைத்தார். மதினி அழவில்லை. அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நாலு பெரிய மனிதர்களைக் கூட்டவும் இல்லை. பீடித் தட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு மூடிய வாய்தான். அவர் அல்வா வாங்கி வந்து பார்த்தார், காலில் விழுந்தும் பார்த்தார் என்பார்கள். அல்வாவைத் தெருப் பிள்ளைகள் தின்றன.

எனக்கு அவள் சொந்தம் இல்லை. தென்காசியிலிருந்து சுரண்டை போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே எங்கள் தெருவில் சின்னவர் பெரியவர், இந்து முஸ்லிம் எல்லோருக்கும் அவள் மதினிதான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளவு குறைந்தால் மற்றப் பெண்கள் ஊற்றுகிறவனின் ஏழு தலைமுறையை இழுத்துப் பேசுவார்கள். அவனுக்கு அது காற்றோடு போகிற சத்தம். மதினி கேனை நீட்டியபடி அவன் முன்னால் நிற்பாள். என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் இருக்காது. தள்ளி நில்லு என்றால் நகர மாட்டாள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். கால் மணி நேரத்தில் அவனே குவளையை எடுத்து மீதியை ஊற்றிவிடுவான்.

“வாயிருக்கது தொறக்கதுக்கு மட்டுமில்லட்டி. மூடத் தெரிஞ்சவகிட்ட எவனும் வாலாட்ட முடியாது” என்பாள் எங்களிடம்.

எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அந்த மூடிய வாயைக் கண்டால் பயமாகவும் இருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால்தான் உண்மை.

அப்போது எனக்கு இருபது வயது. தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சமையல் முடிந்ததும் எட்டுப் பேர் அவரவர் தட்டோடு மதினி வீட்டுப் பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், வந்து உட்காருவோம். ஒருத்தி வாசிக்க வேண்டும், மற்றவர்கள் பீடி சுற்றுவார்கள். வாசிக்கிறவள் தட்டில் ஆளுக்கொரு கட்டு சுற்றிப் போட்டுவிடுவார்கள். இது எங்கள் தெரு வழக்கம். பேப்பரும் வாரப் பத்திரிகைத் தொடர்கதையுமாகத்தான் அது போய்க்கொண்டிருந்தது. பரீட்சை நெருங்கியதும் நான் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டேன். ராஜாக்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் கொட்டாவி விட்டார்கள். அயர்லாந்து வந்தபோதுதான் காது கொடுத்தார்கள்.

அயர்லாந்து, 1880, முக்கிய நிகழ்ச்சிகளும் மனிதர்களும் என்று ஒரு பகுதி. பெரிய கேள்வியாக வரும் என்று நட்சத்திரக் குறி போட்டிருந்தது. புத்தகத் தமிழை எங்கள் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு போனேன்.

“மேயோன்னு ஒரு சீம. வெளச்சல் போச்சு. குத்தகையக் கொறைங்கன்னு சம்சாரிங்க கேக்காங்க. நெலத்துக்காரன் அந்த ஊர்லயே இல்ல. அவனுக்கு ஒரு ஏஜெண்டு. முடியாது, எடத்தக் காலி பண்ணுங்கன்னு நோட்டீஸ் விடுதான். நோட்டீஸ் கொண்டுவந்த ஆள அந்த ஊருப் பொம்பளைங்க சாணியும் சகதியும் அள்ளி எறிஞ்சு வெரட்டுதாங்க.”

“நம்ம ஊரு சாணி மாதிரியாட்டி இருக்கும் அங்கன உள்ளதும்?” என்று எட்டுப் பேரில் மூத்தவளான செய்யதம்மா கேட்டாள். பட்டாசலே குலுங்கிச் சிரித்தது.

மதினி மட்டும், “பொறவு?” என்றாள்.

பிறகுதான் விஷயமே. துரத்தப்பட்டவனின் நிலத்தை வாங்கிக்கொள்கிறவனை என்ன செய்யலாம் என்று ஒரு தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டிருந்தார். சுட வேண்டும் என்று சத்தம் எழுந்தது. அதைவிட நல்ல வழி உண்டு, ரோட்டிலும் கடையிலும் கோயிலிலும் அவனைக் கண்டால் விலகுங்கள், தனியே விட்டுவிடுங்கள் என்றார் அவர். இத்தனைக்கும் அவரே ஒரு நிலக்காரர். அந்த வழியை ஏஜெண்டு மேல் பிரயோகித்தார்கள். வேலையாட்கள் வயலை விட்டு இறங்கினார்கள். கொல்லன் லாடம் அடிக்கவில்லை. துணி வெளுக்கிறவள் துணி எடுக்கவில்லை. வெளியூரிலிருந்து ஐம்பது பேரை வரவழைத்து, பட்டாளத்துக் காவல் போட்டு, கொட்டுகிற மழையில் கிழங்கு பிடுங்கினார்கள். கடைசியில் ஏஜெண்டு ஊரை விட்டுப் போனபோது வண்டியோட்ட ஆள் கிடைக்கவில்லை. பட்டாளத்து ஆம்புலன்ஸ் வண்டியில் போனார். அவர் பெயரே இங்கிலீஷில் புறக்கணிப்புக்குப் பெயராகி இன்றைக்கு நம் ஊர்ச் சுவரொட்டி வரை வந்துவிட்டது.

“அவன் பொண்டாட்டி பிள்ளையளப் பத்தி ஒண்ணும் போடலியா?” என்று மதினி கேட்டாள்.

“போடல மதினி.”

“சரி. மேல படி.”

ஆனியில் சாரல் பிடித்தது. குற்றாலத்தில் சாரல் என்றால் ஊருலகத்துக்கெல்லாம் கொண்டாட்டம். பீடி சுற்றுகிறவளுக்கு மட்டும் கேடு. இலை நமுத்துப்போகும், சுற்றிய பீடி சொதசொதவென்று ஆகும். அடுப்புக்கு மேல் தட்டை வைத்து வாட்டி எடுத்துக்கொண்டு போனாலும் கடைக்குப் போவதற்குள் மறுபடி நமுத்துவிடும். கடையில் செக்கர் ஒவ்வொரு கட்டாக அமுக்கிப் பார்த்துக் கழித்துப் போடுவார். அவர் புளியங்குடிப் பக்கத்து ஆள். எங்கள் தெருக் கடைசியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முதலாளி எங்கோ இருந்தார், நாங்கள் யாரும் கண்டதில்லை. நமுத்த பீடி போனால் கம்பெனிக்காரர்கள் செக்கரைக் கடிப்பார்கள், செக்கர் எங்களைக் கடிப்பார்.

செய்யதம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. விரல் பழக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். பீடித் தொழிலாளி என்கிற கார்டு இருந்ததால் ஆஸ்பத்திரியில் இலவச ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் அவள் தட்டைச் செக்கர் தரையில் கவிழ்த்தார். செருப்புக் காலால் பீடிகளை மிதித்துத் தேய்த்தார். “கண்ணு தெரியாதவளுக்குக் கார்டு எதுக்கு?” என்று கார்டை வாங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். செய்யதம்மா குனிந்து, மிதிபட்ட பீடிகளைக் கையால் தடவித் தடவிப் பொறுக்கினாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று மத்தியானம் மதினி, “அந்த அயர்லாந்த எடு” என்றாள். வாசித்தேன். “இன்னொருக்க.” வாசித்தேன். மூன்றாவது தடவை முடித்தபோது யாரும் பீடி சுற்றவில்லை.

“வேலைய நிறுத்த நமக்கு வக்கில்ல” என்றாள் மதினி. “பீடியக் குடுப்போம். பேச்சக் குடுக்க வேண்டாம். ஏச்சு கிடையாது, கல்லு கிடையாது, சிரிப்பும் கிடையாது. செய்யதம்மா கார்டு அவ கைக்கு வார வரைக்கும், அந்த ஆளு இந்தத் தெருவுல இல்ல. அம்புட்டுதான்.”

“அவரு பொண்டாட்டி?” என்று ஒருத்தி கேட்டாள்.

மதினி கொஞ்ச நேரம் இலை வெட்டினாள். “அவளும்தான்.”

பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீடு வீடாக அவளே போனாள். பலசரக்குக் கடை, இஸ்திரி போடுகிறவர், முடிவெட்டுகிறவர், ஆட்டோ ஸ்டாண்டு. போய் நின்று நாலு வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவர்கள் சரி என்கிற வரை வாசலில் நிற்பாள். அவள் நின்றால் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்?

முதல் இரண்டு நாள் செக்கர் சிரித்தார். “என்ன, எல்லாத்துக்கும் நாக்குல சுளுக்கா?” என்றார். இருபது பெண்கள் கட்டுகளை வைத்துவிட்டு, கழித்ததை எடுத்துக்கொண்டு, ஒரு சொல் இல்லாமல் திரும்பினோம். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. நாலாம் நாள் எங்களைப் பார்த்துக் கத்தினார். ஏழாம் நாள் கத்தலும் நின்றது. அந்த நிசப்தத்தில் அவர் பீடியை அமுக்குகிற சத்தம் கேட்கும்.

கதையைக் கொண்டுவந்தவள் என்று எனக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது. பால்காரர் செக்கர் வீட்டுப் பின்வாசலில் அரை லிட்டர் ஊற்றியதை நான் பார்த்தேன். ஓடிப்போய் மதினியிடம் சொன்னேன். மதினி பால்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள். “பச்சப் பிள்ள இருக்க வீடு மதினி” என்றார் அவர். மறுநாளிலிருந்து அதுவும் நின்றது. செக்கர் பைக்கில் தென்காசி போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்தார். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

தெருக் குழாயில் அவர் மனைவி குடத்தோடு வந்தால் நாங்கள் எல்லோரும் விலகி அவளை முதலில் பிடிக்க விடுவோம். அது மரியாதை இல்லை, அவளுக்கும் தெரியும். ஒருநாள் என்னைப் பார்த்து, “நீங்க காலேஜ் படிப்பு படிக்கியளாம்லா? நான் என்ன தப்பு செஞ்சேன்னு நீங்களாவது சொல்லுங்க” என்றாள். நான் குடத்தில் விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவளும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

குழந்தைக்கு இது எதுவும் புரியவில்லை. கோழிக்குஞ்சு பார்க்க மதினி வீட்டு வாசலுக்கு வரும். மற்றப் பிள்ளைகளை அம்மாக்கள் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மதினி ஒரு அப்பளத்தைப் பொரித்து அதன் கையில் கொடுப்பாள், ஒரு வார்த்தை இல்லாமல். முதலில் அந்தப் பிள்ளை, “குஞ்சுக்குப் பேரு என்ன?” என்றெல்லாம் கேட்டது. பிறகு அதுவும் பேசாமல் வந்து, பேசாமல் அப்பளத்தை வாங்கி, பேசாமல் போக ஆரம்பித்தது. எங்களைப் பார்த்துப் படித்துக்கொண்டது.

செய்யதம்மாதான் முதலில் உடைந்தாள். “எனக்குக் கண்ணே வேண்டாம் மதினி. அந்தப் பிள்ள மூஞ்சியப் பாக்க முடியல.”

“கண்ணுதான் தெரியலங்கியே. பொறவு எப்படிப் பாக்க?” என்றாள் மதினி. ஆனால் அப்பளத்தோடு போன குழந்தை தெருக் கடைசிக்குப் போய்ச் சேருகிற வரை வாசலை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. “இன்னும் ரெண்டு நாளு பாப்போம்.”

அந்த இரண்டாம் நாள் மலையில் நல்ல மழை. குற்றாலத்தில் வெள்ளம் என்று அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஓட்டலில் ஆள் இல்லாததால் மதினியின் புருஷன் உள்ளறையில் திண்டில் தலை வைத்துப் படுத்திருந்தார். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலில் கரை முட்டத் தண்ணீர். மதினி பின்கட்டில் அடுப்பில் பீடித் தட்டை வாட்டிக்கொண்டிருந்தாள். பட்டாசலில் எல்லோரும் தட்டில் குனிந்திருக்க, நான் ஒருத்திதான் வாசலைப் பார்த்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். செக்கர் மகள் கையில் சிவப்புப் பிளாஸ்டிக் வாளியோடு வாய்க்கால் சந்துக்குள் தனியாகப் போவதைப் பார்த்தேன். ஒரு வரி நிறுத்தினேன். பிறகு அடுத்த வரியை வாசித்தேன்.

கால் மணி நேரம் இருக்கும். அவள் அம்மா ஓடிவந்தாள். தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்பு.

“யக்கா, எம் பிள்ள இங்கன வந்தாளா? யாராவது பாத்தியளா?”

ஏழு தலையும் நிமிரவில்லை. அவர்கள் பார்க்கவில்லை, அது நிஜம். ஒருத்தி மட்டும் இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பால்காரரைக் காட்டிக் கொடுத்தவள் நானே வாயைத் திறந்தால் இவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். ஆமாம், அதைத்தான் நினைத்தேன். புத்தகத்தைப் பார்த்துக் குனிந்தேன். அவள் பஸ் ரோட்டுப் பக்கம் ஓடினாள். வாய்க்கால் இருப்பது அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

சூடான தட்டோடு மதினி வந்தாள். “ஆருட்டி வந்தது?”

“செக்கர் பொண்டாட்டி. பிள்ளையக் காணுமாம்” என்றாள் செய்யதம்மா.

“எவளும் பாத்தியளா?”

“நான் பாத்தேன் மதினி” என்றேன். “வாய்க்கா பக்கம் போச்சு.”

“அவகிட்ட சொன்னியா?”

நான் புத்தகத்தை மூடினேன். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தட்டு கீழே விழுந்தது. கட்டுகள் பட்டாசல் முழுக்க உருண்டன.

“இந்தா, எந்திரிங்க!” என்று அவள் கத்தியது கோழியைப் பார்த்து அல்ல, உள்ளறையைப் பார்த்து. “பிள்ள வாய்க்காலுக்குப் போச்சு! நீந்தத் தெரிஞ்ச ஆளு நீங்கதான, எந்திரிச்சு ஓடுங்க!”

பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு அது. அதை நினைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. மடித்துக் கட்டிய வேட்டியோடு எங்களைத் தாண்டி ஓடினார். பின்னாலேயே மதினி, “ஏலே, வாங்கலே! எல்லாரும் வாங்க!” என்று தெருவை இரண்டாகப் பிளக்கிற குரலில் கத்திக்கொண்டு ஓடினாள். அப்படி ஒரு குரல் அவளுக்கு இருந்தது அன்றைக்குத்தான் தெரியும்.

மடைக்குப் பக்கத்தில் ஒரு தாழம்புதரின் வேரைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவுத் தண்ணீரில் பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தது. வாளி போய்விட்டது. கை இரண்டும் முள் கிழித்து ரத்தம். பத்தடியில் ஆள் நடக்கிற பாதை. இரண்டு பேர் அந்த வழியாகப் போனார்களாம். அது கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் யாரும் பேச மாட்டார்கள் என்று நினைத்ததோ என்னவோ. மதினியின் புருஷன் குதித்துத் தூக்கி மேலே கொடுத்தார். மதினி மாராப்பில் போர்த்தி இறுக்கிக்கொண்டு, “என் ராசாத்தி, பேசுட்டி, எதாம் பேசுட்டி” என்று அதன் முதுகைத் தேய்த்தாள். வெகுநேரம் கழித்து அது, “குளுருது” என்றது. மதினி வாய்விட்டு அழுதாள்.

கடையிலிருந்து செக்கர் ஓடிவந்து அவள் காலில் விழப் போனார். “மொதல்ல பிள்ள தலையத் தொவட்டும்” என்றாள். அவர் துவட்டி முடிக்கிற வரை நின்றாள். பிறகு அதே மூச்சில், “செய்யதம்மா கார்ட எடுத்துட்டு வாரும்” என்றாள். அவர் அந்த ஈரச் சட்டையோடு போய் எடுத்து வந்தார். அடுத்த மாதம் செய்யதம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. நாங்கள் ஜெயித்தோமா, அந்தப் பிள்ளையிடம் தோற்றோமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பட்டாசலில் சிதறிக் கிடந்த பீடிகளை நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மதினி வந்து எதிரே நின்றாள்.

“பேச வேண்டாம்னுதான சொன்னேன். பிள்ளையச் சாவக் குடுன்னா சொன்னேன்?”

“நீங்கதான மதினி அவளும்தான்னு…”

“நான் சொன்னா? ஒனக்குன்னு ஒரு வாயில்லியாட்டி? இம்புட்டுப் புஸ்தகம் படிக்கியே!”

என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

மறுநாளிலிருந்து செக்கரோடு பேசினாள், அவர் மனைவியோடு பேசினாள். புருஷனோடும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். கோழிக்கு வேலை போயிற்று. செக்கர் மாற்றலாகிப் போனபோது எங்கள் தெரு ஆண்கள்தான் லாரியில் சாமான் ஏற்றினார்கள். என்னோடு மட்டும் இல்லை. எல்லோருக்கும் டீ கொடுக்கும்போது எனக்கும் கொடுத்தாள். என் பங்குக் கட்டைச் சுற்றிப் போட்டாள். என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறினாள், என் தலையில் பூ வைத்துவிட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை. பரீட்சையில் அயர்லாந்துக் கேள்வி வந்தது. நன்றாக எழுதினேன், நல்ல மார்க்கும் கிடைத்தது. அதை நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பு வரும்.

என்னைத் தண்டிக்கவில்லை, தன்னைத்தான் என் மூலமாகத் தண்டித்துக்கொண்டாள் என்று என் கணவர் சொல்வார். சமாதானத்துக்குச் சொல்கிறார். அவள் என்னைத்தான் தண்டித்தாள், சரியாகத்தான் தண்டித்தாள். அவள் சட்டம் போட்டாள், ஆனால் பிள்ளை வாய்க்காலுக்குப் போய்விட்டது என்று காதில் விழுந்த நொடியில் அதைத் தூக்கி எறிந்தாள். நான் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இப்போது நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறேன். அந்த ஏஜெண்டு வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள் என்று பிறகு வேறொரு புத்தகத்தில் படித்தேன். வகுப்பில் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

போன மாதம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் மதினியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “மதினி” என்றேன். ஏறிட்டுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இடம் விட்டாள். உட்கார்ந்தேன். என் மகள் படிப்பதை, எனக்குச் சர்க்கரை வந்ததை, செய்யதம்மா பேரன் துபாய் போனதை எல்லாம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தினால் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், மேலே சொல் என்பது போல.

சுரண்டை வண்டி வழக்கமான இடத்துக்கு வராமல் எதிர்ப்பக்கம் போய் நின்றது. அவள் கவனிக்கவில்லை.

“மதினி, ஒங்க வண்டி அங்கன நிக்கி. கெளம்பப் போறான்” என்றேன்.

எழுந்தாள். பையை நான் வாங்கிக்கொண்டு கூடவே ஓடினேன். படியில் ஏறி, பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியவள், பையோடு என் கையையும் சேர்த்துப் பிடித்தாள். உதடு அசைந்தது. நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

“ஏறும்மா உள்ள, வழிய அடைக்காத” என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

கையை விட்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வண்டி திரும்புகிற வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.